முசேயின் போணி

காலையில் என் முகத்தில் விழித்தால் அன்றைய பொழுது உருப்படாது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அதில் என் மனைவியும் சேர்த்தி. தினமும் என் முகத்தில் விழித்தே ஆகவேண்டியவள் என்பதால் அவளுக்கு மட்டும் பேச உரிமை உண்டு என்று விட்டுவிட்டேன். மற்றவர்களோடு சண்டை போட்டேன்.

அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வருகிற மனுக்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. குறையில்லாத மனுவே கிடையாது. அவசரமாக எழுதினவன் கையெழுத்தை மறந்திருப்பான், நிதானமாக எழுதினவன் தேதியை மறந்திருப்பான். இரண்டும் சரியாக இருந்தால் மடித்த விதம் சரியாக இருக்காது. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கண்ணை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு நான் மீன் வாங்கப் போக ஆரம்பித்தேன்.

பாண்டியில் எங்கள் தெருவிலிருந்து மீனவர்கள் இருக்கும் குருசுக்குப்பம் நடக்கிற தூரம்தான். அங்குள்ள பெண்கள் விடிவதற்குள் தேங்காய்த்திட்டுக்குப் போய், துறைமுகத்தில் மீனை ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்து, எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் அன்னக்கூடைகளை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். வீட்டு வாசலிலேயே கடலை வைத்துக்கொண்டு மீனுக்கு ஊரின் இன்னொரு கோடிக்கு ஆட்டோவில் போவானேன் என்று ஒருமுறை கேட்டேன். "அத்த கடலாண்ட கேளு சாரு" என்று பதில் வந்தது.

அன்றைய முதல் வியாபாரம்தான் போணி. போணி பண்ணுகிறவர் கைராசிக்காரர் என்றால் கூடை மளமளவென்று காலியாகும். இல்லையென்றால் ஐஸ்கட்டி மட்டும்தான் குறையும். போணி நேரத்தில் மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போவது ஒரு மீன்காரிக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். அதைத்தான் நான் அநேகமாக தினமும் செய்துகொண்டிருந்தேன். செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். கண்ணை அழுத்திப் பார்ப்பேன். முகர்ந்து பார்ப்பேன். விலை கேட்டு, பாதி சொல்லி, "இதைவிட நல்ல மீனு பெரிய மார்க்கெட்ல கெடைக்கும்" என்று ஒரு குறிப்பும் எழுதி, அதாவது சொல்லி, அடுத்த கூடைக்கு நகருவேன்.

முதல் கூடைக்காரி கனத்த உடம்பும் அதைவிடக் கனத்த குரலும் உள்ள அம்மாள். தூரத்தில் என் குடையைப் பார்த்ததுமே ஈரச் சாக்கை இழுத்துக் கூடையை மூடிவிடுவாள்.

"இன்னாம்மா, மீனு இல்லியா?"

"கீது. யாராச்சும் நல்ல மன்சன் வந்து போணி பண்ணட்டும். நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா சாரு."

டீக்கடைக்காரரும் எனக்கு உடனே டீ தரமாட்டார். பால் காயவில்லை என்பார். அவருக்கும் போணி உண்டு அல்லவா. இப்படி நான் ஊரில் எல்லோருக்கும் இரண்டாவது ஆளாக, கையில் பையோடு மரத்தடியில் காத்திருந்த காலத்தில்தான் என் மச்சான் ஒரு நாயை வாங்கினான்.

மச்சான் என்பது என் மனைவியின் தம்பி. நேஷனாலிட்டி உள்ள குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பாரீசுக்குப் போனவன். எங்கள் ஊரில் நேஷனாலிட்டி என்று சும்மா சொன்னால் அது பிரெஞ்சு நேஷனாலிட்டி. மற்றவர்களிடம் இருப்பது ரேஷன் கார்டு. அங்கே குளிர் தாங்காமல் போன ஒரு வருஷம் அவனுக்கு ஊர்ப்பாசம் வந்துவிட்டது. எங்கள் வீட்டு மாடியைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்போவதாக வந்து இறங்கினான். சுவருக்கு மஞ்சள் அடித்தான். தூணுக்கு வெள்ளை அடித்தான். வாசலில் காகிதப்பூக் கொடியை ஏற்றினான். என் அப்பா கட்டிய, தளம் ஒழுகுகிற வீடு, இரண்டே வாரத்தில் பிரெஞ்சுக்காரன் கட்டிய, தளம் ஒழுகுகிற வீடாகிவிட்டது. அவனுக்கு அது போதவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் மாமா கொறையுது. கேட்டாண்ட ஒரு நல்ல நாய் படுத்திருக்கணும். உல்ஃப்ஹவுண்ட். அயர்லாந்துல ராஜாங்க ஓநாய் வேட்டைக்குன்னே வளர்த்த ஜாதி. அது இருந்தா ஒரு ஓநாய் கிட்ட வராது."

"இப்பவும் ஒண்ணும் வர்றதில்லியே மச்சான்."

"என்னங்க, அவன் ஆசையா சொல்றான்" என்றாள் என் மனைவி. தம்பி ஆசையாகச் சொன்னால் அவளுக்கு அது சட்டம்.

பெங்களூரிலிருந்து காரில் வந்தது. குட்டி என்று சொல்லி இறக்கியதே எங்கள் தெருநாய் அளவு இருந்தது. ஒரு வருஷத்தில் அதன் முதுகு என் இடுப்புக்கு வந்தது; தலையைத் தூக்கினால் மார்புக்கு வந்தது. சாம்பல் நிறத்தில் முரட்டு மயிர். நரைத்த தாடி, நரைத்த புருவம். பிறக்கும்போதே பென்ஷன் வாங்கிவிட்டதுபோல ஒரு முகம். எனக்கும் அதற்கும் உள்ள ஜாடையை முதலில் கவனித்துச் சொன்னவள் என் மனைவி. சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தாள்.

மச்சான் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்தான். அதை மூக்கால் சொல்லவேண்டும். எனக்குச் சளி பிடித்திருந்தால்தான் சரியாக வரும். அதனால் நான் "டேய்" என்று கூப்பிட்டேன். அது அதற்கே வந்தது.

வேட்டை ஜாதியின் வீரத்தையும் சீக்கிரமே பார்த்துவிட்டோம். சாக்கடையிலிருந்து ஒரு பெருச்சாளி ஏறி வந்தது. ஓநாய்களை ஓட ஓட விரட்டிய வம்சம் என் பின்னால் வந்து நின்றுகொண்டு, என் இடுப்போரமாக எட்டிப் பார்த்தது. கொல்லையில் தேங்காய் திருட வந்தவன் காலடியில் போய்ப் படுத்து வயிற்றைக் காட்டியது. அவன் பயந்துபோய், பறித்த காய்களை விட்டுவிட்டு ஓடினான் என்பது உண்மை. ஆனால் அவன் ஓடியதைப் பார்த்து இதுவும் உள்ளே ஓடி வந்து கட்டிலுக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டது. மீதி உடம்பு வெளியேதான் இருந்தது.

மாடிக்கு முதலில் வந்த வெள்ளைக்காரத் தம்பதி சீக்கிரமே காலி செய்துவிட்டார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதென்று இது அவர்கள் குளியலறையில் போய்ப் படுத்துக்கொள்ளும், எழுப்ப முடியாது. அடுத்து வந்தவர்கள் போட்ட ஏசிக்கு வந்த மின்கட்டணத்தைப் பார்த்ததும் மச்சானுக்கு ஊர்ப்பாசம் இறங்கிவிட்டது. பெட்டியைக் கட்டினான்.

"அடுத்த வக்கான்ஸ்ல வந்து இவன கூட்டிட்டுப் போயிடறேன் மாமா. அதுவரைக்கும் பாத்துக்குங்க."

வக்கான்ஸ் என்பது அவர்கள் ஊரில் ஆகஸ்ட் மாதத்து விடுமுறை. சனியன் தொலையட்டும் என்று நானும் ஆகஸ்டை எதிர்பார்க்க ஆரம்பித்தேன்.

ஆனால் ஒன்று நடந்தது. அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. தினமும் காலையில் பேப்பர் படிக்கும்போது நான் சத்தமாகத் திட்டுவது வழக்கம். குப்பை வண்டி வராதது, தெருவில் பைப் புதைக்கத் தோண்டி மூடாமல் போனது, வாரக்கடைசியில் பக்கத்து ஊர்களிலிருந்து குடிக்க வந்து நம் வாசலில் காரை நிறுத்துகிறவர்கள் என்று எதையும் விடமாட்டேன். இரண்டாவது பத்தியிலேயே மனைவி அடுப்படிக்குப் போய்விடுவாள். இது போகாது. எதிரே உட்கார்ந்து, அந்த நரைத்த புருவத்தைத் தூக்கி, கடைசி வரைக்கும் கேட்கும். நான் நிறுத்தினால், அப்புறம் என்ன என்பதுபோல முன்னங்காலை என் மடியில் வைக்கும். நான் சொன்னதை முழுதாக உட்கார்ந்து கேட்ட ஜீவன் என் வாழ்க்கையில் அதுதான் முதல். எப்போது 'அது' போய் 'அவன்' வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

அவனை நடக்கக் கூட்டிப் போனதில்தான் மீன் கதை ஆரம்பித்தது. ஒரு நாள் காலை வேப்பமரம் தெரிந்ததும் அவன் சங்கிலியோடு என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான். என்னைப் பார்த்த அம்மாள் வழக்கம்போல சாக்கை இழுத்தாள். ஆனால் அவள் கை போவதற்குள் அவன் தாடி கூடைக்குள் போய்விட்டது. ஒரு கானாங்கெளுத்தியை எடுத்தான். அதைக் கடித்ததாகக்கூட எனக்கு நினைவில்லை. கானாங்கெளுத்தி இருந்தது, அப்புறம் இல்லை.

"ஐயையோ, இன்னும் போணியே ஆவலியே!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நான் பையிலிருந்து பணத்தை எடுத்து, அவள் கேட்டதை அப்படியே கொடுத்தேன். செவுளைப் பார்க்கவில்லை. பேரம் பேசவில்லை. பேரம் பேச மீன் எங்கே இருந்தது?

அன்றைக்கு வெயில் ஏறுவதற்குள் அவள் கூடை காலி. நாயைப் பார்க்கக் கூடிய கூட்டம் அப்படியே மீனையும் வாங்கிக்கொண்டு போனது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று நான் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் அந்த அம்மாள் சாக்கைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வாங்க முசே! வந்து போணி பண்ணுங்க."

முசே என்பது எங்கள் ஊரில் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்கார ஐயாமார்களை அழைத்த மரியாதைச் சொல். ஆட்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள், சொல் மட்டும் மீதி கிடந்தது. அது என் நாய்க்குப் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு வருஷ சர்வீசில் என்னை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மற்றக் கூடைக்காரிகள் சும்மா இருப்பார்களா? எனக்கும் வரட்டும், எனக்கும் வரட்டும் என்று சண்டையே வந்துவிட்டது. கடைசியில் முறை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு உன் கூடை, நாளைக்கு என் கூடை. முசே போய் மீனை எடுக்கவேண்டும், நான் காசைக் கொடுக்கவேண்டும். போணிக் காசில் பேரம் கூடாது என்பதால் என் தொழிலே போய்விட்டது. ஆனால் நான் நடந்து போனால் மரத்தடியில் இடம் விட்டார்கள். டீக்கடைக்காரர் எனக்கு முதல் டீயை நீட்டினார். "இன்னா சாரு, ரெண்டு நாளா காணோம், ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்கள். விசாரித்தது நாயைத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என்னைப் பார்த்துத்தானே கேட்டார்கள்.

கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வரும். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், கூடைகள் பாதியாகிவிடும். அப்போது இவன் மரத்தடியில் வெறுந்தரையை முகர்ந்துவிட்டு, என்னவோ அந்தச் சட்டத்தை நான்தான் போட்டதுபோல என்னைப் பார்ப்பான். தயிர் சாதம் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மாலையில் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போனால் வேறு தொல்லை. செல்ஃபி எடுக்க வரிசை நிற்பார்கள். ஒரு வழிகாட்டி இளைஞன், பழைய பிரெஞ்சு கவர்னர் மாளிகையில் இருந்த நாய்களின் பரம்பரை இது என்று ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். தப்பான தகவலைச் சகித்துக்கொண்டு நான் சும்மா போகிறவனா?

"தம்பி, இது அயர்லாந்து ஜாதி. வந்தது பெங்களூர்லருந்து."

"வுடுங்க சார். பாண்டிக்கு வந்துட்டா எல்லாம் பிரெஞ்சுதான்" என்றான் அவன். கூட்டம் படம் எடுத்துக்கொண்டது. முசேயும் கடலைப் பார்த்து, கவர்னர் வீட்டு நாய் போலவே நின்றான்.

இதற்கிடையில் ஆகஸ்டுகள் வந்தன. முதல் ஆகஸ்டில் மச்சான் ஒரு பெட்டி நிறைய உருகிப்போன சாக்லேட்டோடு வந்து, அவர்கள் அடுக்குமாடி லிஃப்டுக்குள் இந்த நாய் நுழையாது, அடுத்த வக்கான்ஸில் பார்க்கலாம் என்றான். நான் வருத்தப்பட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். அடுத்த ஆகஸ்டில் அவன் மனைவிக்கு நாய் மயிர் ஆகவில்லை. அதற்கடுத்த ஆகஸ்டில் விமானக் கம்பெனிக்காரன் கேட்ட கூண்டு கிடைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஜூலை பிறந்ததுமே எனக்குச் சாப்பாடு இறங்காது. காகிதப்படி நாய் அவனுடையது. கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு மரத்தடிக்குப் போவேன்? காலையில் யாருக்குப் பேப்பர் படிப்பேன்? வழியில் பிள்ளையார் கோயில் வந்தால் வாசலிலேயே நின்று, இவன் மட்டும் போகக்கூடாது அப்பனே என்று வேண்டிக்கொள்வேன். சாமி கும்பிடுகிறவன் அல்ல நான். வேறு எந்த ஆபீசில் இதைக் கேட்பது?

கடைசியில் ஒரு ஆகஸ்டில் மச்சான் எந்தச் சாக்கும் இல்லாமல் வந்தான். பாரீசுக்கு வெளியே தோட்டத்தோடு வீடு வாங்கிவிட்டானாம். ஆள் உயரக் கூண்டு ஒன்றும் சென்னையிலிருந்து லாரியில் வந்து இறங்கிவிட்டது. டிக்கெட் போட்டாயிற்று. முசேக்கு அப்போது தாடி இன்னும் வெளுத்து, நடை கொஞ்சம் தளர்ந்திருந்தது. வேப்பமரம் வரை போவதற்குள் நடுவில் உட்கார்ந்துகொள்வான். வயசாகிறது, எனக்கும்தானே ஆகிறது என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

கூண்டு வந்த செய்தி குருசுக்குப்பத்துக்குப் போய்விட்டது. மறுநாள் வியாபாரம் முடிந்த கையோடு கூடைக்காரிகள் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் அந்தக் கனத்த குரல்.

"இன்னாப்பா, எங்க போணிய பிளேன்ல ஏத்தப் போறியாமே?"

மச்சான் சிரித்தான். "இதெல்லாம் மூடநம்பிக்கை ஆயா."

"யாரு ஆயா? உங்க அக்காவுக்கு நான் சின்னவ!"

"சரி, அக்கா. பிரான்சுல இந்த மாதிரி யாரும் நெனைக்க மாட்டாங்க. அங்க மீனு சூப்பர்மார்க்கெட்ல பாக்கெட்ல வரும்."

"அப்ப அங்க போணி யாரு பண்றது?"

மச்சான் என்னைப் பார்த்தான். பிரெஞ்சு ராஜ்யத்தில் போணி யார் பண்ணுவது என்று அவன் இதுவரை யோசித்ததில்லை. நான் அந்த அம்மாளை ஆதரித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூண்டின் தாழ்ப்பாளில் குறை தேடிக்கொண்டிருந்தேன். முசே எழுந்துபோய் ஒவ்வொரு காலிக் கூடையாக முகர்ந்து பார்த்துவிட்டு வந்து, என் காலடியில் படுத்துக்கொண்டான்.

விமானத்தில் ஏற்றுவதற்கு முன் டாக்டர் பார்த்து, தாங்குவான் என்று சொல்லவேண்டும். மச்சானும் நானும் ஒரு லோடு ஆட்டோவில் அவனை ஏற்றிப் போனோம். டாக்டர் இளம் வயசுக்காரர். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். படம் எடுத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். டாக்டர்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தால் எனக்குப் பிடிக்காது.

"இருதயம் பெருசாயிடுச்சு சார். இந்த ஜாதி நாய்க்கு இது அடிக்கடி வர்றதுதான். பெரிய ஒடம்பு, சின்ன ஆயுசு. பிளேன்ல ஏத்தாதீங்க, தாங்காது."

"இங்கியே வெச்சிருந்தா?" என்றேன்.

"மாத்திரை தர்றேன். நல்லா பாத்துக்கிட்டா மழைக்காலம் வரைக்கும் ஓட்டலாம்."

ஆக, அவன் போகவில்லை. நான் கேட்டதைப் பிள்ளையார் கொடுத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் மனுவில் என்ன விட்டுப்போயிற்று என்று தேடினவன், என்னுடைய ஒரே மனுவில் எழுதவேண்டியதை எழுதாமல் விட்டுவிட்டேன். போகக்கூடாது என்று மட்டும் கேட்டேன். இருக்கவேண்டும் என்று கேட்கவில்லை.

திரும்பும்போது லோடு ஆட்டோவின் பின்னால் அவனோடு நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து வந்தோம். மச்சான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னே சொல்லிட்டேனே மாமா" என்றான். அவனை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது. எனக்கும் மூக்கு அடைத்திருந்தது. முயற்சி செய்து பார்ப்போமே என்று அந்தப் பிரெஞ்சுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் தடவையாகச் சுத்தமாக வந்தது. அவன் திரும்பவே இல்லை. "டேய்" என்றேன். வாலை ஆட்டினான்.

மச்சான் தனியாகப் போனான். கூண்டு மாடியில் நின்றது. மனைவி அதில் துணி காயப்போட ஆரம்பித்தாள். ஐப்பசி மழையில் முசேயால் தெருமுனை வரைகூட நடக்க முடியவில்லை. அப்போது ஒரு காலையில் கேட்டைத் திறந்தால், அன்றைய முறைக்காரி கூடையோடு வாசலில் நிற்கிறாள். தேங்காய்த்திட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் நேராக இங்கே வந்துவிட்டாள். மறுநாள் அடுத்தவள் வந்தாள். குடையும் பிளாஸ்டிக் உறையுமாக, தண்ணீர் நின்ற தெருவில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார்கள். கூடையை அவன் தாடிக்குப் பக்கத்தில் இறக்கி வைப்பார்கள். முதலில் ஒரு மீன் சாப்பிட்டான். அப்புறம் பாதி. பிறகு மூக்கால் தொடுவதோடு சரி. தொட்டாலே போணிதான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

மார்கழி பிறந்த சில நாட்களில், காலையில், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டான். தலை என் மடியில் இருந்தது. பைப் புதைக்க மறுபடியும் தெருவைத் தோண்டியிருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமாக நான் நிறுத்தினால் காலைத் தூக்கி வைப்பான். நான் நிறுத்தினேன். அவன் வைக்கவில்லை. மீதிப் பக்கத்தையும் படித்து முடித்துவிட்டுத்தான் மனைவியைக் கூப்பிட்டேன். கேட்டுக்கொண்டே போனவனுக்கு நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

குருசுக்குப்பத்திலிருந்து ஆண்கள் மண்வெட்டியோடு வந்து கொல்லையில் குழி வெட்டினார்கள். பெரிய குழி. மச்சான் போனில் முகம் காட்டி அழுதான். மனைவி தன் பழைய பட்டுச் சேலை ஒன்றை அவன்மேல் போர்த்தினாள். நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தக் குறையும் கண்ணில் படவில்லை.

அதன் பிறகு நான் வெளியே போகவில்லை. எங்கே போவது? மரத்தடியில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அவன் வாங்கிக் கொடுத்தது. அவன் இல்லாமல் குடையோடு போய் நின்றால் மறுபடி சாக்கை இழுப்பார்கள். இழுக்காவிட்டாலும், இழுக்காமல் இருக்கச் சிரமப்படுவார்கள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வீட்டில் சாம்பாரும் ரசமுமாக ஓடியது. பேப்பரை மனசுக்குள்ளேயே படித்தேன்.

பொங்கல் கழித்து ஒரு காலையில் கேட்டுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அந்தக் கனத்த அம்மாள். தலையில் கூடை. ஐஸ்கூட இன்னும் கரையவில்லை.

"இந்தா, ஒரு கை புடி சாரு" என்றாள். பிடித்து இறக்கினேன். சாக்கை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"போணி பண்ணு."

"எம்மா, என் கைராசி ஒனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே."

"எனுக்குத் தெரியாத உன் கையா? எடு சாரு, வெயிலு ஏறுது."

நான் குனிந்து ஒரு கானாங்கெளுத்தியை எடுத்தேன். செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. எடுத்த கை தானாகவே என் இடுப்புக்குப் பக்கத்தில், அவன் வாய் இருக்கும் உயரத்துக்குப் போய் நின்றுவிட்டது. கையைக் கீழேயும் இறக்க முடியவில்லை, மேலேயும் தூக்க முடியவில்லை. அந்த அம்மாள் அதைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீனை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, வாழையிலையில் சுற்றி என் மனைவியிடம் கொடுத்தாள். நான் கொடுத்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுருக்குப்பையில் போட்டாள். கூடையைத் தலைக்கு ஏற்றிவிட்டேன். போய்விட்டாள்.

அன்றைக்கு அவளுக்கு வியாபாரம் சுத்தமாக ஆகவில்லை என்று டீக்கடைக்காரர் சொல்லிக் கேள்விப்பட்டேன். பாதி மீனைக் கருவாட்டுக்குப் போட்டாளாம்.

மறுநாளும் வந்தாள்.